பாலர் கோயில் கண்ட நியாயவாதி

மட்டக்களப்பு நாட்டில் விசயதசமி நாளன்று ஏடு தொடக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தந்தையின் மடியிலோ குருவின் மடியிலோ அமர்ந்த பாலகனின் விரலைப் பற்றிப் பரப்பிய அரிசியிலே அகரம் எழுதுவிப்பர். சித்தாண்டியில் சித்திர வேலாயுத சுவாமியை வழிபடும் வேளாண் குடும்பங்களும், வாவிக்கரைகளில் வலைத்தொழில் புரியும் குடும்பங்களும் இதனைப் பிள்ளையின் வாழ்வில் ஒரு மங்கல நாளாகவே கொள்கின்றன. ஆயின், ஏடு தொடக்கிய பிள்ளை வீடு திரும்பியபின் பாடசாலை வாயிலை மிதிக்கும் நாள்வரை அதற்கு உரிய கல்வி யாது என்னும் வினா எழுகின்றது. மூன்று வயதில் எழுத்துத் தொடக்கி ஐந்து வயதில் முதலாம் வகுப்பிற் சேர்க்கும் சமூகம், இடைப்பட்ட இரண்டாண்டையும் அதற்கு முந்திய ஆண்டுகளையும் எவ்வாறு கருதிற்று? விளையாட்டுப் பருவம் என்று கருதிற்று; கல்விப் பருவம் என்று கருதவில்லை. விளையாட்டே அப்பருவத்தின் கல்வி என்னும் உண்மையைத் தெளிந்து, அதற்காகவே தம் வாழ்வை ஒப்படைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கூர்ச்சர நாட்டின் ஜிஜுபாய் பதேக்கா. பிறப்பால் அவர் ஆசிரியர் குலத்தவர் அல்லர். பயிற்சியாலும் ஆசிரியர் அல்லர். நீதிமன்றத்திலே வழக்காடிப் பொருளீட்டிய நியாயவாதி. அவர் பாலர் கல்விக்கு வந்த வழி, கல்வி வரலாறு கற்போர் ஊன்றி நோக்கற்பாலது.

இளமையும் தொழிலும்

கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேக்கா என்பது அவரது முழுப்பெயர். 1885 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15 ஆம் திகதி சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரிலே பிறந்தார். பவநகரத்திலே உயர்கல்வி தொடங்கினார். ஆயினும் பொருள் தேடவேண்டிய நிலையில் 1907 இல் கடல் கடந்து கிழக்காபிரிக்கா சென்றார். இந்தியர் பலர் வணிகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அந்நாளில் அங்குச் சென்று கொண்டிருந்தனர். சில ஆண்டுகளின் பின் தாயகம் மீண்டு, பம்பாயிலே சட்டம் பயின்று, வத்வான் பகுதியில் நியாயவாதியாகத் தொழில் நடத்தினார். தொழில் செழித்தது. அவ்வழியே சென்றிருப்பின், வசதியோடு வாழ்ந்து மறைந்த பல நியாயவாதிகளுள் ஒருவராக அவர் பெயரும் மறைந்திருக்கும்.

1913 ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு புதல்வன் பிறந்தான். இம்மகவை எங்கே, எவ்வாறு கற்பிப்பது என்னும் கவலை தந்தையின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அக்காலத்துப் பாடசாலைகளின் இயல்பை அவர் அறிவார். பிரம்பும் மனனமும் அவற்றின் இரு தூண்கள். பிள்ளை அஞ்சி அமர்ந்திருப்பதே ஒழுக்கம் என்றும், பொருளறியாது ஒப்புவிப்பதே கல்வி என்றும் கொள்ளப்பட்ட காலம் அது. தம் மகனை அங்கு அனுப்ப மனம் ஒப்பாது, மாற்று வழி தேடலானார். அத்தேடலில், பரோடா இராச்சியத்திலே நூலக இயக்கத்துக்கு உழைத்த மோதிபாய் அமீன் என்பாரின் தொடர்பு வாய்த்தது. அவர் வாயிலாக மரியா மொண்டிசோரி அம்மையாரின் முறையை விளக்கும் நூல் ஒன்று ஜிஜுபாயின் கைக்கு எட்டிற்று. ஒரு தந்தையின் தனிக்கவலையாகத் தோன்றியது, நூல் கற்கக் கற்க, நாட்டுக் குழந்தைகள் அனைவரையும் பற்றிய கவலையாக விரிந்தது. அவர் வாழ்வின் திருப்புமுனை இதுவேயாம்.

மொண்டிசோரி அம்மையாரின் வழியும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. 1870 இல் இத்தாலியிலே பிறந்த அவர், 1896 இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யப் புகுந்து, அவர்க்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே எனக் கண்டார். 1907 ஆம் ஆண்டு சனவரி மாதம் 6 ஆம் திகதி, உரோமை நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பிலே குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மருத்துவர் ஒருவரும் நியாயவாதி ஒருவரும் பாலர் கல்வியின் முன்னோடிகளாயினமை வியப்பன்று. பழகிய பாதையிலே நெடுநாள் நடந்தவர்க்குப் பாதையின் குழி புலப்படுவதில்லை; புறத்திருந்து வருபவர்க்கு அது முதலிலேயே புலப்படும்.

தட்சிணாமூர்த்தி நிலையம்

பவநகரத்திலே 1910 ஆம் ஆண்டு நானாபாய் பட் முதலியோர் தட்சிணாமூர்த்தி என்னும் மாணவர் இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். மௌனத்தால் மெய்ப்பொருள் உணர்த்திய ஆதிகுருவின் பெயரைக் கல்வி நிலையத்துக்குச் சூட்டியமை பொருத்தமுடைத்து. அந்நிலையத்துக்குச் சட்ட ஆலோசனை கூறும் முகத்தால் ஜிஜுபாய் முதலில் அதனோடு தொடர்பு கொண்டார். பின்னர் 1916 இல் நியாயவாதித் தொழிலைத் துறந்து, நிலையத்திலேயே பணிபுரிய வந்து சேர்ந்தார். வருவாய் மிகுந்த தொழிலை விடுத்து மாணவர் இல்லத்தின் துணைக் காப்பாளராதல் உலகியலார்க்குப் பேதைமையாகத் தோன்றும். அவர்க்கோ அது விடுதலையாயிற்று.

முதலில் அவர் பொறுப்பேற்றது பெரிய பிள்ளைகளின் கல்வியே. உயர்பாடசாலை மாணவரோடு பழகிய அநுபவம் ஒரு கசப்பான உண்மையை அவருக்கு உணர்த்திற்று. அச்சம், பொய், பிறரைப் பார்த்தொழுகல், வினவ நாணுதல் ஆகிய குணங்கள் அவ்வயதுக்குள் வேரூன்றி விடுகின்றன. அவற்றைக் களையச் செலவாகும் முயற்சியிற் பாதியை முளைப்பருவத்திலே செலவிட்டிருப்பின் களையே தோன்றியிராது. மட்டக்களப்பு உழவர் இதனை எளிதில் உணர்வர். விதைத்து முளைகொண்ட நாட்களிலே நீரும் காவலும் பெறாத வயலைக் கதிர் பறியும் காலத்திலே திருத்திவிடல் இயலாது. ஆகவே ஜிஜுபாய் கல்வியின் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கினார். உலகம் அதனை இறக்கம் என்னும். அவர் அதனை அடித்தளம் என்றார்.

1920 ஆம் ஆண்டிலே பால மந்திரம் தோன்றிற்று. மந்திரம் என்னும் வடசொல் வீட்டையும் கோயிலையும் குறிக்கும். பாலர்க்கு உரிய இல்லம் என்றும், பாலரையே தெய்வமாகக் கொண்ட கோயில் என்றும் அப்பெயரைக் கொள்ளலாம். இரண்டரை வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்குச் சேர்க்கப்பட்டனர். 1922 இல், பவநகரத்தின் சிறு குன்றொன்றின்மீது எழுந்த அதன் கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி அம்மையார் திறந்துவைத்தார்.

பால மந்திரத்தின் முறை

அங்கே பிரம்பு இல்லை, பரிசும் இல்லை. பிரம்பை விலக்கியதைப் பலர் ஏற்பர். பரிசை விலக்கியதன் காரணத்தைச் சிந்திப்போர் சிலரே. அடிக்கு அஞ்சிச் செய்யும் பிள்ளையும் பரிசுக்கு ஆசைப்பட்டுச் செய்யும் பிள்ளையும் ஒன்றே. இருவரும் செயலின் இன்பத்தை அறியார். செயலே இன்பமாக அமையின் இரண்டும் வேண்டா. இது மொண்டிசோரி முறையின் கோட்பாடு. ஜிஜுபாய் இதனை முழுதும் ஏற்றார். புலன்களைப் பயிற்றும் கருவிகள், தம் வேலையைத் தாமே செய்தல், விரும்பிய பணியை விரும்பிய நேரம்வரை செய்யும் உரிமை ஆகியவற்றையும் ஏற்றார்.

எனினும் அவர் வெறும் பின்பற்றுவோர் அல்லர். இரண்டு இடங்களிலே தம் வழியைத் தாமே வகுத்தார். முதலாவது, கதை. கற்பனைக் கதைகளால் இளங்குழந்தை மெய்யுலகை அறிதற்குத் தடை நேரும் என்பது மொண்டிசோரி அம்மையாரின் கருத்து. ஜிஜுபாயோ கதையைப் பாலர் கல்வியின் உயிர்நாடியாக வைத்தார். பாட்டி வாய்மொழியாக வழங்கும் கதைகளையும் நாட்டார் பாடல்களையும் திரட்டினார். கதை சொல்லும் நெறி பற்றித் தனிநூலே எழுதினார். குழந்தைகளுக்காகவும் ஆசிரியர்க்காகவும் பெற்றோர்க்காகவும் அவர் எழுதிய சிறியவும் பெரியவுமான நூல்கள் இருநூறுக்கு மேற்பட்டவை. அச்சிட்ட பாலர் நூல் அருகியிருந்த மொழியிலே ஒரு பாலர் இலக்கியத்தையே அவர் எழுப்பினார் எனலாம்.

இரண்டாவது, சூழல். இசை, நடனம், நாடகம், தோட்டம், மண்வேலை, ஊர்சுற்றி இயற்கையை நோக்கல் ஆகியவற்றைச் சேர்த்து, மேனாட்டு முறைக்கு இந்தியக் குழந்தையின் வீட்டு மணத்தை ஊட்டினார். இவ்விரு மாற்றமும் முறையைச் சிதைத்தன என்று குறைகூறுவோர் உளர். ஆயின் வேற்று நிலத்து வித்தை நட்டவன், தன் நிலத்து மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதனைப் பேணாது விடின் வித்தும் பட்டுவிடும், நிலமும் வீணாகும். முறையின் கருத்தைப் போற்றி அதன் உருவை மாற்றிய ஜிஜுபாயின் செயலை அறிவுடையோர் போற்றுவர்.

1925 முதல் பாலர் ஆசிரியர்களைப் பயிற்றும் பணியும் அங்குத் தொடங்கிற்று. இராசகோட்டையில் மகளிர் பயிற்சிக் கல்லூரித் தலைமையை விட்டுவந்த தாராபாய் மோதக் அம்மையார் அவர்க்கு உற்ற துணையாயினார். 1926 இல் நூதன பால சிட்சண சங்கம் நிறுவப்பட்டது. கல்விப் பத்திரிகை ஒன்றும் நடைபெற்றது. ஆடவர் ஒருவர் சிறு குழந்தைகளின் மூக்கைத் துடைத்தும் நகம் வெட்டியும் கதை சொல்லியும் பொழுது போக்குதலைக் கண்டோர், அவரை மீசையுள்ள தாய் என்று அழைக்கலாயினர். நகையாகத் தோன்றும் அப்பெயரே அவருக்கு நிலைத்த பட்டமாயிற்று.

பகற்கனவு

ஜிஜுபாயின் நூல்களுள் உலகறிந்தது, 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த திவாஸ்வப்னம் என்பது. பகல் கனவு என்னும் பெயரோடு தமிழிலும் வெளிவந்து, ஆசிரியர் பலராலும் படிக்கப்படுவது. ஆசிரியப் பயிற்சி இல்லாத ஒருவர், கல்வி அதிகாரியின் அனுமதி பெற்று, சாதாரண அரசாங்கப் பாடசாலையின் நான்காம் வகுப்பை ஓராண்டுக்கு ஏற்றுப் பரிசோதனை செய்வதே அதன் பொருள். முதல்நாள் அமைதி விளையாட்டு நடத்த முயன்று அவர் முற்றாகத் தோல்வியடைகின்றார். பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர், அயல்வகுப்பு ஆசிரியர் நகைக்கின்றனர். மறுநாள் அவர் கதையொன்று தொடங்குகின்றார், வகுப்பு வசமாகின்றது. கதையிலிருந்து நூல் வாசிப்பும், நூல் வாசிப்பிலிருந்து வகுப்பு நூலகமும், விளையாட்டிலிருந்து ஒழுங்கும், நாடகத்திலிருந்து மொழியும் படிப்படியாக வளர்கின்றன.

இந்நூலின் சிறப்பு, ஆசிரியரின் தோல்வியை மறையாது கூறுதலே. பரீட்சை வரும், அதிகாரி வருவார், பெற்றோர் வினவுவர் என்னும் அச்சங்களை நூல் எங்கும் ஒளித்துவைக்கவில்லை. அவற்றின் நடுவே நின்றும் ஒருவன் செய்யக்கூடியது உண்டு என்பதையே நிலைநாட்டுகின்றது. பணமும் கருவியும் நிறைந்த தனிப் பாடசாலையிலே செய்துகாட்டியதைக் கந்தல் உடுத்த பிள்ளைகள் நிறைந்த பொதுப் பாடசாலையிலும் செய்யலாம் என்பதே அந்நூலின் வழக்குரை. நியாயவாதியின் திறம் அங்கும் அவரைக் கைவிடவில்லை போலும்.

1936 இல் அவர் தட்சிணாமூர்த்தி நிலையத்தை விட்டு நீங்கினார். பின் இராசகோட்டையிலே ஆசிரியர் பயிற்சிக்கு நிலையம் அமைத்து உழைத்தார். ஓயாத உழைப்பால் உடல் நலிந்து, 1939 ஆம் ஆண்டு சூன் மாதம் 23 ஆம் திகதி, தமது ஐம்பத்து மூன்றாம் வயதிலே காலமானார்.

வழி இரண்டாகப் பிரிந்தமை

அவர் மறைந்த அதே ஆண்டு நவம்பர் மாதத்திலே மொண்டிசோரி அம்மையார் சென்னைக்கு வந்திறங்கினார். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர்தம் மனைவியார் உருக்மணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, அடையாற்றிலே ஆசிரியர்க்கு வகுப்பு நடத்தினார். 1940 இல் இத்தாலி போரிற் புகுந்தமையால் அம்மையாரும் அவர் மகன் மாரியோவும் பகைநாட்டினராகக் கருதப்பட்டனர். மகன் சில மாதம் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் கோடைக்கானலிலும் தங்கிப் பணிபுரிந்தார். 1944 இல் கொழும்பிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946 இல் ஐரோப்பா மீண்டு, பின்னரும் இந்தியா வந்து, 1952 இல் ஒல்லாந்திலே காலமானார். இலங்கையிலே பாலர் பாடசாலை எதனையும் மொண்டிசோரி என்றே பொதுமக்கள் சுட்டும் வழக்கு வேரூன்றியமை, அம்மையார் பெயரின் செல்வாக்குக்குச் சான்று.

ஆயினும் பெயர் பரவிய அளவுக்கு முறை பரவிற்றென்று கூறல் அரிது. கருவிகள் விலையுயர்ந்தவை, பயிற்சி நகரங்களிலேயே கிடைத்தது. எனவே நகரத்தார் பிள்ளைகளுக்கு உரியதாகவே அம்முறை பல இடங்களில் நின்றுவிட்டது. இத்தடையை உடைத்தவர் தாராபாய் அம்மையார். அவர் 1945 இல், அநுதாய் வாக் அம்மையாரோடு, பம்பாய் மாகாணத்துக் கடலோரக் கிராமமாகிய போர்டியிலே பாலர் கல்வி நிலையம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நிலையத்தைத் தேடி வராமை கண்டு, நிலையத்தையே அவர்தம் முற்றங்களுக்குக் கொண்டுசென்றார். முற்றத்துப் பாடசாலை என்னும் பொருளில் அங்கன்வாடி என்று பெயர் பெற்றது அதுவே. இலையும் விதையும் சிப்பியும் மண்ணும் அங்குக் கருவிகளாயின. பின்னர்க் கோஸ்பாட் மலைப்பகுதியிலே பழங்குடி மக்களிடையே அப்பணி தொடர்ந்தது; மாடு மேய்க்கும் சிறுவரைத் தேடி மேய்ச்சல் வெளிக்கே பாடசாலை சென்றது. 1975 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2 ஆம் திகதி இந்திய அரசாங்கம் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்கள் அங்கன்வாடி என்னும் பெயரையே தாங்கின. தமிழ்நாட்டின் குக்கிராமங்களிலும் இன்று வழங்கும் அச்சொல்லின் பின்னே, பவநகரத்து நியாயவாதியின் துறவு மறைந்து கிடக்கின்றது.

மட்டக்களப்புக்கு உரிய பாடம்

தொழிலையும் பதவியையும் துறந்து கல்விக்கு வந்தோர் மட்டக்களப்பு நாட்டுக்குப் புதியவர் அல்லர். காரைதீவிலே 1892 இல் தோன்றி, விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையை ஏற்றிருந்த மயில்வாகனனார், அதனை விடுத்துத் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தரானார். அவர் 1929 இல் கல்லடி உப்போடையிலே நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அம்மண்ணின் கல்வி வரலாற்றிலே நிலைத்த சின்னம். சித்தாண்டியின் அயலூராகிய வந்தாறுமூலையிலே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்து, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இங்ஙனம் கல்வியின் மேற்றளம் கண்ணெதிரே எழுந்து நிற்கின்றது. அடித்தளத்தின் நிலை யாது?

இலங்கையிலே 1945 முதல் கல்வி இலவசமாயிற்று. ஐந்து வயது முதல் பதினாறு வயதுவரை அது கட்டாயமும் ஆகும். ஐந்து வயதுக்கு முற்பட்ட கல்வியோ அவ்வாறு அரசாங்கத்தின் முழுப்பொறுப்பில் அமையவில்லை. முன்பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களாலும் சமய நிறுவனங்களாலும் தனியாராலும் நடத்தப்படுவன. போரின் இடருக்கும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் அழிவுக்கும் பின்னர், உதவி நிறுவனங்கள் கிழக்குக் கரையெங்கும் முன்பள்ளிக் கட்டடங்கள் அமைத்தன. கட்டடம் அமைத்தல் எளிது. அதனுள்ளே ஆசிரியையை நிலைநிறுத்தல் அரிது. அவர்கள் சிறு தொகையையே ஊதியமாகப் பெறுகின்றனர். கல்வித்துறையின் அடித்தளத்தைத் தாங்குவோர் அதன் ஊதிய ஏணியிலும் அடித்தளத்திலேயே நிற்கின்றனர் என்பது வருந்தத்தக்க முரண்.

பிறிதொரு முரணும் உண்டு. நான்கு வயதுப் பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் எழுத்து நிறைந்துள்ளது என்பதையே முன்பள்ளியின் தரமாகப் பெற்றோர் பலர் கொள்கின்றனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் பாலர் கூடத்திலேயே விழத் தொடங்கிவிடுகின்றது. மொண்டிசோரி என்னும் பெயர்ப்பலகையின் கீழேயே, அம்மையார் எதனை விலக்கினாரோ அது நடைபெறக் காணலாம். ஏடு தொடக்கலின் உட்கருத்தும் இதுவன்று. அரிசியிலே எழுதிய எழுத்தை அடுத்த கணமே கையால் அளைந்து விடுகின்றோர், எழுத்தின் வடிவத்தை அன்றே பிள்ளை மனனம் செய்யவேண்டும் என்று கருதினாரல்லர். அறிவை நோக்கிப் பிள்ளையின் முகத்தைத் திருப்பி வைத்தலே அவர் கருத்து.

ஜிஜுபாயின் வழி சித்தாண்டி போன்ற ஊர்களுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. வாவிக்கரைச் சிப்பியும், புளியங்கொட்டையும், தென்னோலையும், நெற்கதிரும் எண்ணவும் தரம்பிரிக்கவும் ஏற்ற கருவிகள். வடமோடியும் தென்மோடியும் கண்ட கூத்துமரபு உள்ள நாட்டிலே, பாலர்க்கு ஆட்டமும் தாளமும் கற்பிக்க வேற்றூரிலிருந்து வல்லுநர் வரவேண்டுவதில்லை. கதை சொல்லும் மூதாட்டியர் இன்னும் முற்றங்களில் இருக்கின்றனர். இல்லாதது ஒன்றே: இப்பணி பெரும்பணி என்னும் மதிப்பு. நீதிமன்றத்தை விட்டுப் பாலர் கூடத்துக்கு வந்த ஒருவர், தாம் தாழ்ந்துவிட்டதாக ஒருநாளும் கருதவில்லை. கற்றறிந்த இளைஞரும் நங்கையரும் அவ்வாறே கருதி முன்வருவாராயின், அவர்க்குத் தக்க ஊதியமும் பயிற்சியும் அளிக்க ஊர்ச் சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் அரசும் ஒருப்படுமாயின், பட்டதாரிகளைத் தோற்றுவிக்கும் அந்நாடு, அச்சமின்றி வினவும் பிள்ளைகளையும் தோற்றுவிக்கும். வினவத் தெரிந்த பிள்ளையே பின்னாளிற் கற்றறிந்தவன் ஆவான்.